நடுவர் அமர்விலிருந்து சாலையோரத்திற்கு: போக்குவரத்து அபராத நடைமுறையின் வரலாறு – துடியலூரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சாலை விதியை மீறியவரிடம் அபராதம் பெறும் நடைமுறை குடியேற்ற ஆட்சிக்காலத்தில் நடுவர் அமர்வின் முன் தொடங்கியது. இன்று அது பெரும்பாலும் சாலையோரத்திலோ கைப்பேசித் திரையிலோ முடிகிறது. இந்த மாற்றத்தைச் சட்டப் பிரிவுகளின் வழியாக இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. தவறு நிகழ்ந்ததா என்னும் விசாரணையின் இடத்தைத் தொகை செலுத்துதல் படிப்படியாகப் பிடித்துக்கொண்டது என்பதும், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அச்செலுத்துதலே முன்குற்றமாகக் கொள்ளப்படுகிறது என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: மோட்டார் வாகனச் சட்டம், இணக்கக் கட்டணம், குற்றவியல் நடுவர், மெய்நிகர் நீதிமன்றம், துடியலூர், கோயம்புத்தூர்.

1. முன்னுரை

கோயம்புத்தூரிலிருந்து வடக்கே மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் துடியலூர். மலைக் காய்கறி ஏற்றிய சரக்குந்துகள், நீலகிரிக்குச் செல்லும் சுற்றுலா ஊர்திகள், தடாகம், சரவணம்பட்டிப் பக்கங்களுக்கு வேலைக்குச் செல்வோரின் இருசக்கர வாகனங்கள் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடம் இது. பேரூராட்சியாக இருந்த துடியலூர் 2011ஆம் ஆண்டு கோயம்புத்தூர் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஊர் மாநகரின் பகுதியானது; ஆனால் நீதிமன்றம் ஊருக்கு வரவில்லை. துடியலூரில் பதிவாகும் வழக்கிற்காக நீதிமன்றப் படியேற வேண்டியவர் நகருக்குள் செல்ல வேண்டும். பஞ்சாலைத் தொழிலாளிக்கும் சிறு பட்டறை நடத்துபவருக்கும் அதன் பொருள் ஒரு நாள் கூலியை இழப்பதாகும். போக்குவரத்து அபராத நடைமுறையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த எளிய உண்மையே தொடக்கப் புள்ளியாகிறது.

2. நடுவர் அமர்வும் நகராட்சிக் குற்றங்களும்

கோயம்புத்தூர் நகராட்சி 1866ஆம் ஆண்டு தோன்றியது. நகராட்சிகளுக்கெனத் தனி நீதிமன்றம் என்னும் அமைப்பு சென்னை மாகாணத்தில் வேரூன்றவில்லை. அதன் பணியைப் பெரிதும் செய்தவை நடுவர் அமர்வுகளே. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நடுவர்கள் கூடி அமர வழிசெய்தது. நகராட்சிச் சட்டங்களின் கீழும், காவல் சட்டங்களின் தூய்மை, ஒழுங்கு தொடர்பான பிரிவுகளின் கீழும் வரும் சிறு குற்றங்களைச் சுருக்கமுறையில் விசாரிக்கும் அதிகாரத்தை இவ்வமர்வுகளுக்கு வழங்க 261ஆம் பிரிவு இடமளித்தது.

இவ்வமர்வுகளில் ஊதியம் பெறாத மதிப்புறு நடுவர்கள் பலர் பணியாற்றினர். ஊர்ப் பெரியவர்களும் நிலக்கிழார்களும் வணிகர்களும் அவ்விடத்தைப் பெற்றமையால், தீர்ப்பளிப்பவரும் தீர்ப்புக்கு உள்ளாகுபவரும் ஒரே சமூகப் படிநிலைக்குள் இருந்தனர். எனவே அன்றைய நடைமுறையைக் குறையற்ற பொற்காலமாகக் கருத இயலாது. ஆயினும் குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பைச் சொல்ல ஓர் அவை இருந்தது என்பது வரலாற்று நிலையில் கருதத்தக்கது. 1974ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்த அமர்வு முறையைத் தொடரவில்லை.

3. அஞ்சல்வழி ஒப்புதல்

மோட்டார் வாகனங்களுக்கென இந்திய அளவில் முதல் சட்டம் 1914ஆம் ஆண்டிலும், விரிவான சட்டம் 1939ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் 130ஆம் பிரிவு ஒரு புதிய வழியைத் திறந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் வராமலே, குற்றத்தை ஒப்புக்கொண்டு, அழைப்பாணையில் குறித்த தொகையை நீதிமன்றத்திற்கு அனுப்பிவைக்கலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 208ஆம் பிரிவு இதனைப் பணவிடைவழிச் செலுத்துதலாகத் தொடர்ந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சிறு குற்றங்களுக்கான சிறப்பு அழைப்பாணை பற்றிய பிரிவில் மோட்டார் வாகனக் குற்றங்களைச் சேர்க்காமல் விட்டது; அவற்றுக்கெனத் தனிவழி ஏற்கெனவே இருந்ததே அதற்குக் காரணம்.

இங்கு இரண்டு கூறுகள் நோக்கத்தக்கன. ஒன்று, தொகையை வரையறுத்தவர் நடுவர். அதாவது அபராதம் இன்னும் நீதித்துறையின் கையிலேயே இருந்தது. மற்றொன்று, தொகையைச் செலுத்தியபின் அக்குற்றம் தொடர்பாக மேல்நடவடிக்கை இல்லை என்று 208ஆம் பிரிவு உறுதியளித்தது. பணம் கட்டுவது விவகாரத்தை முற்றாக முடித்தது.

4. இணக்கக் கட்டணம்

1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 200ஆம் பிரிவு, குறிப்பிட்ட குற்றங்களை மாநில அரசு அறிவிக்கும் அலுவலர்களே அறிவிக்கப்பட்ட தொகைக்கு இணக்கமாகத் தீர்க்க வழிவகுத்தது. வழக்குத் தொடுக்கும் முன்னரும் பின்னரும் இது இயலும். மக்கள் வழக்கில் 'ஸ்பாட் ஃபைன்' எனப்படுவது உண்மையில் அபராதமன்று; இணக்கக் கட்டணமாகும். அபராதம் நீதிமன்றம் விதிப்பது. இணக்கக் கட்டணம் வழக்கைத் தவிர்க்க இசைந்து செலுத்துவது. இந்த வேறுபாடு பேச்சு வழக்கில் மறைந்துவிட்டது.

எல்லாக் குற்றமும் இவ்வழியில் தீர்வதில்லை. குடிபோதையில் வாகனம் ஓட்டுதல் (185ஆம் பிரிவு) இணக்கப் பட்டியலில் இல்லை. அபாயகரமாக ஓட்டுதல் (184ஆம் பிரிவு) குற்றத்தில் கைப்பேசி போன்ற கருவியைக் கையில் பிடித்துப் பயன்படுத்தியது மட்டுமே இணங்கத்தக்கது. ஏனையவை நடுவரின் முன்னரே செல்ல வேண்டும்.

5. 2019ஆம் ஆண்டுத் திருத்தம்

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் தொகைகளைப் பெரிதும் உயர்த்தியது. 177ஆம் பிரிவின் பொதுத் தண்டனை 100 ரூபாயிலிருந்து 500 ரூபாயாயிற்று. தலைக்கவசம் அணியாமைக்கு 194ஈ எனத் தமிழில் குறிக்கத்தக்க புதிய பிரிவு 1,000 ரூபாய் அபராதத்தையும் மூன்று மாத உரிமத் தகுதியிழப்பையும் விதித்தது. ஆனால் தமிழ்நாட்டில் இணக்கக் கட்டணங்கள் 2022 அக்டோபரில்தான் உயர்த்தப்பட்டன. அதன்பின்னரே தலைக்கவசத்திற்கான தொகை 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாயிற்று. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் ஒரே தவற்றுக்குச் சட்டநூலில் ஒரு தொகையும் சாலையோரத்தில் அதன் பத்திலொரு பங்கும் நிலவின. தண்டனையின் அளவைச் சட்டமன்றமோ நீதிமன்றமோ அன்றி நிருவாக அறிவிக்கை தீர்மானித்த காலம் இது.

தொகை உயர்வே பொதுவெளியில் விவாதிக்கப்பட்டது. அதைவிட ஆழமான மாற்றம் 200ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட வரம்புரையில் உள்ளது. இணக்கமாகத் தீர்க்கப்பட்டாலும், அடுத்து நிகழ்வது இரண்டாம் குற்றமா என்று கணக்கிடுகையில், தீர்க்கப்பட்டது முன்குற்றமாகவே கொள்ளப்படும் என்கிறது அது. சாலையில் கைப்பேசியுடன் பிடிபட்டு முதன்முறை 1,000 ரூபாய் செலுத்திய ஒருவர் மூன்றாண்டுக்குள் மீண்டும் பிடிபட்டால் 10,000 ரூபாய்க்கு ஆளாகிறார். முதல் நிகழ்வில் அவர் உண்மையில் தவறு செய்தாரா என்று எந்த நடுவரும் கேட்டிருக்கமாட்டார். நாள் கூலி போகாதிருக்கட்டும் என்று செலுத்திய தொகை பின்னாளில் அவருக்கு எதிரான சான்றாகிறது.

6. மெய்நிகர் நீதிமன்றம்

2019ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கி, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களுக்கு விரிந்த மெய்நிகர் நீதிமன்றம் மின்னணு அறிக்கையை நடுவரின் பார்வைக்குக் கொண்டுசெல்கிறது. விதிக்கப்பட்ட அபராதத்தை இணையவழிச் செலுத்தினால் வழக்கு முடிகிறது. மறுத்தால் ஆள்வரை உடைய வழக்கமான நீதிமன்றத்திற்கு மாற்றப்படுகிறது. 1939ஆம் ஆண்டின் அஞ்சல்வழி ஒப்புதலே இங்குப் புதிய வடிவம் பெற்றுள்ளது எனலாம். பயணச் செலவும் காத்திருப்பும் குறைந்தமை மெய்யான நன்மை. ஆனால் அந்நன்மை ஒப்புக்கொள்பவருக்கே உரியது. மறுப்பவர் பழையபடி நகருக்குப் பயணம் செய்ய வேண்டும்.

ஒளிப்படக் கருவியின் அறிக்கை வாகனப் பதிவுதாரருக்கே செல்கிறது என்பது மற்றொரு சிக்கல். தந்தையின் மொபெட்டை மகனும், முதலாளியின் வண்டியைப் பணியாளரும் ஓட்டுவது கொங்குப் பகுதியில் அன்றாட வழக்கம். ஓட்டியவர் யார் என்று கேட்கப்படும்போது தெரிவிக்கும் கடமையை 133ஆம் பிரிவு உரிமையாளர்மீது சுமத்துகிறது. ஆயினும் பெயரைத் தெரிவித்து வாதாடுவதைவிடப் பணம் கட்டிவிடுவது எளிதாக இருப்பதால், ஓட்டாதவரின் கணக்கில் முன்குற்றம் ஏற வாய்ப்புண்டு.

7. முடிவுரை

நடுவர் அமர்வு, அஞ்சல்வழி ஒப்புதல், இணக்கக் கட்டணம், மெய்நிகர் நீதிமன்றம் என்னும் நான்கு நிலைகளிலும் எளிய மக்களின் நேரத்தைக் காத்தல் என்னும் நோக்கம் தொடர்ந்து வெளிப்படுகிறது. அந்நோக்கம் நியாயமானது. ஆனால் விசாரணையின்றித் தீர்த்தலுக்கு முன்பு இருந்த ஈடு, செலுத்தியவுடன் விவகாரம் முற்றுப்பெறும் என்னும் உறுதி ஆகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் விசாரணையின்மையை வைத்துக்கொண்டு அவ்வுறுதியை நீக்கியது. முன்குற்றமாகக் கணக்கில் ஏறும் தொகையைப் பெறும் முன், அதன் விளைவைத் தமிழில் தெளிவாக அறிவிப்பதும், மறுக்க விரும்புபவர் தம் ஊரிலிருந்தே இணையவழி வாதிட வழி தருவதும் இன்றியமையாதவை. இவ்விரண்டும் அமையும்போது துடியலூரில் பிடிபட்டவர், ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்பதைப் பயணத் தொலைவையும் கூலி இழப்பையும் எண்ணாமல் முடிவு செய்ய இயலும்.