முப்பத்துமூன்று இன்னிங்ஸ்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, "பேஸ்பால் பத்தி எழுதட்டுமா?" என்றேன். அரை நிமிஷம் பேச்சே இல்லை. "ஏம்ப்பா, நம்ம ஹாஸ்டல் மெஸ் இருக்கு, வாத்தியார்கள் இருக்காங்க, அதையெல்லாம் விட்டுட்டு பேஸ்பாலா?" என்றார். அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இந்த மலரில் நிறையப் பேர் உண்டு. எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன். முடிவில் நம் கல்லூரி மைதானத்துக்கே வந்து சேர்ந்துவிடுவேன், பயப்பட வேண்டாம்.

என் செட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கல்லூரி கிரிக்கெட் அணியில் மூன்று வருஷமும் நான் பன்னிரண்டாவது ஆள். தண்ணீர் கொண்டு போவது, ஸ்கோர் புத்தகம் எழுதுவது, இந்த இரண்டும்தான் என் ஆட்டம். 1990-களில் வேலை நிமித்தமாக அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்துக்குப் போனபோது, ஸ்கோர் எழுத ஒன்றுமில்லாமல் கை பரபரத்தது. அலுவலக நண்பர் ஒருவர் ஒரு சாயங்காலம் பாட்டக்கெட் என்ற ஊருக்கு அழைத்துக்கொண்டு போனார். மெக்காய் ஸ்டேடியம், 1942-ல் திறந்தது. ஆடியது பாட்டக்கெட் ரெட் சாக்ஸ் என்ற மைனர் லீக் அணி. அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை விடவில்லை.

மாணவத் தம்பி தங்கைகளுக்காக மைனர் லீக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் அமெரிக்காவின் சின்ன ஊர் அணிகள் தனித்தனியாகத் தம் பிழைப்பைப் பார்த்துக்கொண்டன. 1901-ல் தங்களுக்கென ஒரு சங்கமும் வைத்துக்கொண்டன. நல்ல ஆட்டக்காரன் கிடைத்தால் பெரிய அணிக்கு விற்றுக் காசு பார்க்கும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி, 1920-களில் இதை மாற்றினார். விலை கொடுத்து வாங்குவானேன், சின்ன அணிகளையே கைக்குள் வைத்துக்கொண்டு நாமே வளர்ப்போமே என்றது அவர் கணக்கு. அமெரிக்கர்கள் இந்த ஏற்பாட்டைப் 'பண்ணை' என்கிறார்கள். நாற்றங்கால் என்றால் நமக்கு இன்னும் நன்றாகப் புரியும். நாற்று வளர்வது ஓர் இடம், நடவு வேறு இடம். இந்த ஏணியின் மேல்படி டிரிபிள் ஏ. அதற்கும் மேஜர் லீக்குக்கும் இடையே ஒரே ஒரு படிதான். அந்த ஒரு படியில் கால் வைக்க முடியாமலே போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

1949-ல் அமெரிக்காவிலும் அக்கம்பக்க நாடுகளிலும் 59 மைனர் லீக்குகள் இருந்தன. அந்த ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 4 கோடித் தடவை ஜனங்கள் டிக்கெட் வாங்கி உள்ளே போனார்கள். பிறகு வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது, கூட்டம் கரைந்தது.

பெரிய சரித்திரங்கள் சில இந்த நாற்றங்காலில்தான் தொடங்கின. கறுப்பின வீரர்களுக்குப் பல பத்தாண்டுகளாக மூடியிருந்த கதவை ஜாக்கி ராபின்சன் திறந்தது 1947-ல் என்று படிக்கிறோம். அது மேஜர் லீக் கணக்கு. அதற்கு முந்தின வருஷமே, 1946 ஏப்ரல் 18 அன்று, இண்டர்நேஷனல் லீக் என்ற டிரிபிள் ஏ லீக்கில் மான்ட்ரியல் அணிக்காக ஜெர்சி சிட்டியில் இறங்கிவிட்டார். முதல் ஆட்டத்திலேயே ஒரு ஹோம் ரன்னோடு நான்கு ஹிட்.

அதே லீக், அதே ஏப்ரல் 18, சரியாக 35 வருஷம் கழித்து. நான் சொல்லவந்த கதை இதுதான்.

1981-ஆம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இரவு. மெக்காய் ஸ்டேடியத்தில் பாட்டக்கெட்டும் ரோச்செஸ்டர் ரெட் விங்ஸும் மோதின. வந்திருந்தவர்கள் 1,740 பேர். விளக்குக் கோளாறால் ஆட்டம் அரைமணி தாமதமாகத் தொடங்கியது. பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ். முடிவில் இரு அணியும் சமம் என்றால் பத்து, பதினொன்று என்று நீளும், டிரா என்ற பேச்சே இல்லை. அன்று ஒன்பது முடிந்தபோது 1-1. இருபத்தோராவது இன்னிங்ஸில் ரோச்செஸ்டர் ஒரு ரன் எடுத்தது. அப்பாடா என்று எல்லோரும் எழுந்திருக்கும்போது பாட்டக்கெட்டின் வேட் போக்ஸ் ஓர் அடி அடித்துத் திரும்பவும் சமமாக்கிவிட்டார்.

குளிரென்றால் குளிர். உடைந்த மட்டைகளைப் போட்டு நெருப்பு மூட்டி ஆட்டக்காரர்கள் கை காய்ச்சினார்கள். இரவு 12.50-க்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது என்று லீக்கில் விதி உண்டு. ஆனால் அம்பயர்கள் கையிலிருந்த விதிப்புத்தகத்தில் அந்த வரி விட்டுப்போயிருந்தது! புத்தகத்தில் இல்லை, ஆகவே ஆடு என்றார்கள். பந்து வீசி முடித்து நள்ளிரவுக்கு வெகுநேரம் கழித்து வீட்டுக்குப் போன லூயிஸ் அப்போன்டே என்ற வீரர், இவ்வளவு நேரமும் மைதானத்தில்தான் இருந்தேன் என்றதை அவர் மனைவி நம்பவில்லையாம். நம் ஊராக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். ரோச்செஸ்டரின் டேவ் ஹப்பர்ட் 31 இன்னிங்ஸ் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்தார். கடைசியில் லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் நிறுத்தச் சொன்னபோது விடிகாலை மணி 4.07. முடிந்தது 32 இன்னிங்ஸ். ஸ்கோர் 2-2. பார்வையாளர் வரிசையில் மிச்சமிருந்தவர்கள் 19 பேர். அவர்களைக் கிளப் இலவசச் சீட்டு கொடுத்துக் கௌரவித்தது.

மிச்ச ஆட்டம் ஜூன் 23-க்குத் தள்ளிப்போனது. அதற்குள் மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். நாட்டில் வேறு பெரிய ஆட்டம் இல்லை. பத்திரிகைக்காரர்களெல்லாம் பாட்டக்கெட்டில் கூடிவிட்டார்கள், ஜனம் 5,746 பேர். ஆட்டமோ பதினெட்டே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. முப்பத்துமூன்றாவது இன்னிங்ஸில் டேவ் கோசா என்பவர் இடது பக்கம் அடிக்க, மார்ட்டி பாரெட் ஓடிவந்து ரன் சேர்க்க, பாட்டக்கெட் 3-2. மொத்தம் 8 மணி 25 நிமிஷம். தொழில்முறை பேஸ்பாலின் மிக நீண்ட ஆட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 2018 முதல் மைனர் லீக்கில் பத்தாவது இன்னிங்ஸிலிருந்தே ஓர் ஓட்டக்காரரை இரண்டாவது பேஸில் நிறுத்தித் தொடங்குகிறார்கள். ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். அப்படியோர் இரவு இனி வருவது கஷ்டம்.

இனி ஸ்கோர் எழுதுகிறவன் கண்ணோடு அந்த ஆட்டத்தைப் பாருங்கள். ரோச்செஸ்டரின் மூன்றாவது பேஸில் நின்ற கால் ரிப்கென் 13 முயற்சியில் 2 ஹிட். அவர் அந்த ஆகஸ்டிலேயே மேஜர் லீக் போனார். பின்னால் தொடர்ந்து 2,632 ஆட்டம் ஆடிச் சாதனை படைத்தார். போக்ஸ் 12-ல் 4. 1982-ல் மேலே போய் 3,010 ஹிட் எடுத்தார். இருவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்கள், போக்ஸ் 2005-ல், ரிப்கென் 2007-ல். ரோச்செஸ்டரின் டல்லாஸ் வில்லியம்ஸ் 13 முயற்சியில் ஒரு ஹிட்டும் இல்லை. அவரும் அதே வருஷம் பால்டிமோருக்காக மேஜர் லீக்கில் இறங்கினார். வெற்றி ரன்னைக் கொடுத்த டேவ் கோசா 14-ல் 5, இந்த மூவரையும்விட அதிகம். அவர் ஒரே ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை.

ஒரு ராத்திரியை வைத்து ஒருவனை எடை போட முடியாது, வாஸ்தவம். ஆனால் அந்த ராத்திரியும் நடந்ததுதானே?

மெக்காயில் ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம் பார்வையாளர்களுக்கு நேர் கீழே பள்ளத்தில் இருந்தது. சின்னப் பிள்ளைகள் பால் கேனை வெட்டி, உள்ளே பந்தும் பேனாவும் போட்டு, கயிறு கட்டிக் கீழே இறக்குவார்கள். கிணற்றில் வாளி விடுகிற மாதிரி. ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டதும் மேலே இழுத்துக்கொள்வார்கள். கீழே இருப்பவன் நாளைக்கு ரிப்கென் ஆவானா, கோசா ஆவானா என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

அந்த மைதானம் இப்போது போய்விட்டது. 2020-ல் கொரோனாவால் மைனர் லீக்கே நடக்கவில்லை. 2021-ல் அணி மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தது. 2025-ல் மெக்காயை இடிக்கத் தொடங்கினார்கள். அதே 2021-ல், பெரிய அணிகளோடு இணைந்திருந்த 160 சின்ன அணிகளை 120 ஆகக் குறைத்துவிட்டார்கள். நாற்பது ஊர்களுக்கு அந்த உறவு அறுந்தது. ஒரு நல்ல சேதியும் உண்டு. மைனர் லீக் ஆட்டக்காரர்கள் 2022-ல் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-ல் போட்ட முதல் ஒப்பந்தத்தில் டிரிபிள் ஏ குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. மேலே போகாதவன் உழைப்புக்கும் கூலி உண்டு என்று ஒப்புக்கொள்ள நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சரி, நம் மைதானத்துக்கு வருகிறேன். நம் அணியில் ஒரு வேகப்பந்து வீச்சாளன் இருந்தான். பேரைப் போட்டால் அடிக்க வருவான், செட்டுக்காரர்களுக்குப் புரியும். பெரிய அணித் தேர்வுக்கு மூன்று வருஷம் விடாமல் போனான். மூன்று தடவையும் "அப்புறம் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஊரோடு போய்விட்டான். நான் அமெரிக்கா கிளம்புமுன் ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். பெரிய மேதாவி மாதிரி, "எதுக்குடா மூணு வருஷத்தை வீணாக்கினே? ஒழுங்கா பரீட்சைக்குப் படிச்சிருக்கலாம்ல?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துவிட்டுப் பாயச வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டான்.

அவன் போட்ட ஓவர்களையெல்லாம் பந்து பந்தாக எழுதினது என் கைதான். அந்தக் கைக்காரனே 'வீண்' என்று சொன்னேன். அது தப்பு என்று புரிய எனக்கு மெக்காய் வேண்டியிருந்தது, கோசா வேண்டியிருந்தது.

டேய், இந்தச் சந்திப்புக்கு நீ வருவதாகச் செயலாளர் சொன்னார். அன்றைக்குக் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பக்கத்து நாற்காலியை எனக்குப் பிடித்து வை.

இப்போது நம் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கோர் புத்தகத்தை ஒழுங்காக எழுதுங்கள். யார் மேலே போவார்கள் என்பது நம் கையில் இல்லை. அன்றைக்கு யார் எப்படி ஆடினார்கள் என்பதைப் பிசகாமல் எழுதி வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.