லாயலிஸ்ட்

பொருள்: 1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பக்கம் நின்ற குடியேற்றவாசி, அரச விசுவாசி.

வேர்: சட்டத்தைக் குறிக்கும் 'லெக்ஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து 'லெகாலிஸ்' பிறந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'லாயல்' ஆயிற்று. 'லீகல்' இதற்கு உடன்பிறப்பு. எதிரணியினர் இவர்களை 'டோரி' என்று ஏசினார்கள். ஐரிஷ் மொழியில் அதன் மூலச்சொல் கொள்ளைக்காரனைக் குறிக்கும்.

வழக்கு: மன்னர் தரப்பின் தோல்விக்குப் பின் பல்லாயிரம் பேர் நோவா ஸ்கோஷியாவிலும் கியூபெக்கிலும் குடியேறினார்கள். இவர்களுக்கும் சந்ததியாருக்கும் தனி மரியாதை அடையாளம் வேண்டும் என்று 1789 நவம்பர் 9 அன்று ஆளுநர் டார்செஸ்டர் பிரபு அறிவித்தார். பெயருக்குப் பின் வரும் 'யு.இ.' அதன் வழி வந்தது. பேரரசின் ஒற்றுமை என்பது அதன் விரிவு. வம்சாவளியை நிரூபித்தவர்கள் கனடாவில் இன்றும் அதைப் போட்டுக்கொள்கிறார்கள்.

நிரூபிக்க உதவுவது பழைய நில மனுக்கள். அந்நாளில் லாயலிஸ்டின் மகனுக்கும் மகளுக்கும் தலா 200 ஏக்கர் நிலம் தரப்பட்டது. அதைக் கேட்டு எழுதிய மணமான மகளின் மனுவில் தந்தையின் பெயரும் கணவரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். திருமணத்தால் குடும்பப்பெயர் மாறிய பெண்ணைப் பிறந்த வீட்டோடு இணைக்கும் சான்று அதுதான். 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய சுமார் 3,000 கறுப்பின லாயலிஸ்டுகளுக்குத் தனிப் பதிவேடே உள்ளது. பெயர், வயதுடன், அடிமையாக வைத்திருந்த பழைய எஜமானரின் பெயரும் அதில் உண்டு.

குடும்பப்பெயர் ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணம் வேண்டும்.