பச்சை குத்தும் பொறி: சுருளும் சுழற்சியும்

ஊசியைக் கையாற் பிடித்துத் தோலிற் குத்தி நிறமேற்றும் வழக்கம் பல நாடுகளில் தொன்றுதொட்டு இருந்துவந்தது. தமிழகத்தில் குறவர் இனப் பெண்கள் இதனைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். பச்சை குத்துதலில் மின்சாரம் இடம்பெற்ற வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தொடங்குகின்றது. மின்பொறிகள் பெரும்பான்மை இருவகையின. ஒன்று கம்பிச் சுருளால் இயங்குவது. மற்றொன்று மோட்டாரின் சுழற்சியால் இயங்குவது. தொழில் செய்வோர் முன்னதைக் காயில் என்றும் பின்னதை ரோட்டரி என்றும் வழங்குவர். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேலோங்கி நின்ற காயிலை விட்டு, இருபத்தொன்றாம் நூற்றாண்டில் பலர் ரோட்டரிக்கு மாறினர். இம்மாற்றத்தைப் பழைய கருவியைப் புதிய கருவி வென்ற கதையாகக் கூறுவார் உளர். அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் இரண்டும் இயங்கும் முறையை அறிதல் வேண்டும். காயில் பொறியில் இரும்புத் தண்டின்மேற் கம்பி சுற்றிய சுருள்கள், பெரும்பாலும் இரண்டு, இருக்கும். மின்சாரம் பாயுங்கால் அவை காந்தமாகி மேலுள்ள இரும்புச் சட்டத்தைக் கீழே இழுக்கும். அதனொடு ஊசியும் இறங்கும். சட்டம் இறங்கிய அளவில் மின்தொடர்பு அறும்; காந்தம் நீங்கும்; வில் சட்டத்தை மேலே தூக்கும்; தொடர்பு மீண்டும் கூடும். மின்மணி அடிப்பதும் இம்முறையாலேயே ஆம். ரோட்டரியிலோ மோட்டாரின் அச்சில் மையம் விலகிய சிறு சக்கரம் ஒன்று சுழன்று, அச்சுழற்சியையே ஊசியின் ஏற்ற இறக்கமாக மாற்றுகின்றது.

இனிக் கால முறையை நோக்குவோம். தாமஸ் எடிசன் படியெடுக்கும் தாளில் துளையிடுவதற்கென மின்பேனா ஒன்றை அமைத்து, 1876-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் தலையில் சிறு மோட்டார் சுழன்றது. நியூயார்க்கில் பச்சை குத்தும் தொழில் செய்த சாமுவேல் ஓரைலி அவ்வமைப்பைத் தழுவி, 1891 டிசம்பர் 8-இல் பச்சை குத்தும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஆகவே, அமெரிக்கக் காப்புரிமை பெற்ற முதற் பச்சைப் பொறி ரோட்டரி இனத்தைச் சார்ந்ததேயாகும். மின்காந்தச் சுருள் வழி பின்னரே மேலோங்கியது. லண்டனில் சதர்லாந்து மக்டானல்டு 1894-இலும், நியூயார்க்கில் சார்லி வாக்னர் 1904-இலும், டெட்ராய்ட்டில் பெர்சி வாட்டர்ஸ் 1929-இலும் தத்தம் பொறிகளுக்குக் காப்புரிமை பெற்றனர். வாட்டர்ஸ் வகுத்த வடிவத்தின் சாயலைப் பிற்காலக் காயில் பொறிகளிலும் காணலாம்.

முந்திய முறை பின்தங்கியது எற்றுக்கு? அக்காலச் சிறு மோட்டார்கள் எடைக்கேற்ற ஆற்றல் உடையன அல்ல. காயிலோ எளிய உறுப்புகளால் ஆயது. வில்லையும் திருகையும் மாற்றி ஊசியின் விசையையும் விரைவையும் தம் வேலைக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளத் தொழிலாளரால் இயன்றது. கோடு இழுக்க ஒரு பொறி, நிழல் தீட்ட ஒரு பொறி எனத் தனித்தனியே வைத்துக்கொண்டனர். கருவியைப் பழுது பார்ப்பவரும் அதைக் கொண்டு வேலை செய்பவரும் பல இடங்களில் ஒருவராகவே இருந்தனர்.

செருமனியில் 1978-இல் ஓர்ஸ்ட் ஸ்ட்ரெக்கன்பாக், மான்பிரெட் கோர்ஸ் ஆகியோர் மீண்டும் ரோட்டரியை உருவாக்கினர். 1980-களில் நியோடிமியக் காந்தங்கள் தோன்றியமையால் சிறிய, ஆற்றல் மிக்க மோட்டார்கள் இயன்றன. 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம், பிற்காலத்தில் கம்பியில்லாப் பொறிக்கும் வழிவகுத்தது. எடையும் அதிர்வும் குறைந்தமையால் நாள் முழுதும் பொறி பிடித்த கைக்கு நோவு குறைந்தது. ஊசியும் உறையும் ஒன்றாய் அமைந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியத்தக்க கார்ட்ரிட்ஜ் இதனொடு நன்கு இயைந்தது. அதன் உள்ளே அமைந்த மென்படலம், குருதியும் மையும் பொறிக்குள் ஏறாவாறு தடுக்கும். உடல்நலம் கருதுவார் இப்பயனைச் சிறிதென்னார்.

எனினும் இழப்பும் உண்டு. காயிலின் இரைச்சல் வெறும் ஓசையன்று, அஃது அறிவிப்புமாகும். வில் தளர்ந்ததையும் தொடர்பு முனை தேய்ந்ததையும் தேர்ந்த தொழிலாளர் செவியாலேயே உணர்வர். ரோட்டரியில் ஊசி இறங்கும் அளவைச் சக்கரத்தின் அமைப்பே பெரும்பாலும் வரையறுத்துவிடுகின்றது. விரைவை மின்னழுத்தம் வரையறுக்கின்றது. தொழிலாளரின் கையும் செவியும் செய்துவந்த பணியின் ஒரு பகுதி தொழிற்சாலைக்குச் சென்றுவிட்டது.

இவற்றால் போதருவது யாது? இம்மாற்றம் புதியதன் வெற்றி என்பதினும் பழைய கருத்தின் மீட்சி என்பதே பொருந்தும். கருத்து முன்னரே இருந்தது. அதனைத் தாங்கும் பொருளே பிந்தி வந்தது. மேலும், காப்புரிமைப் பத்திரங்கள் கருவியின் வடிவைக் காட்டுமேயன்றி, அக்கருவியைச் செவியால் ஆண்ட திறனைக் காட்டா. அத்திறன் உடையார் வாழுங்காலத்திலேயே அவர்தம் வாய்மொழியைப் பதிவு செய்தல் வேண்டும். பொறியைக் காட்சிச்சாலையில் வைத்துக் காத்தல் எளிது. அதன் வில்லை முறுக்கத் தெரிந்த கையின் அறிவு, கேட்டு எழுதுவார் இல்லையேல் அக்கையொடு மறையும்.