சேட்டைப் பிள்ளையும் மூளை அலையும்

“ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்கிறான்!” ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கிற பேச்சு. இதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1902இல் இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், இத்தகைய பிள்ளைகளிடம் ‘ஒழுக்கக் கட்டுப்பாடு’ குறைவு என்றார். அறிவுக்குறை இல்லாதவர்களிடமும் அதைக் கண்டார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும். கோலசிலாங்கூர்த் தோட்டங்களுக்கும் அதே சட்டம்தான். பள்ளி வந்தது, ஆனால் துறுதுறு பிள்ளைக்கு ‘அடங்காதவன்’ என்ற பெயர்தான்.

1929இல் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்த ஆய்வை வெளியிட்டார். 1938இல் அமெரிக்காவில் ஜாஸ்பர், சாலமன், பிராட்லி மூவரும் நடத்தைச் சிக்கலுள்ள பிள்ளைகள் பலரிடம் இயல்புக்கு மாறான அலைகளைக் கண்டனர். ஏ.டி.எச்.டி. என்ற பெயர் 1987இல் வந்தது. 1990இல் சமெட்கின் குழு, சிறுவயது முதல் இச்சிக்கலுள்ள 25 பெரியவர்களை வேறு 50 பேரோடு ஒப்பிட்டது. அவர்கள் மூளை சர்க்கரையைப் பயன்படுத்தும் அளவு சுமார் 8 விழுக்காடு குறைவு. கவனத்தையும் அசைவையும் ஆளும் முன்பகுதிகளில் அது மிகத் தெளிவு.

மாணவர்களே, குழப்பிக்காதீங்க: இவை குழுச் சராசரிகள். மூளைப் படத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்று இன்றும் சொல்ல முடியாது. வீட்டிலும் பள்ளியிலும் நடப்பதை விசாரித்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார்.

ஆகவே ஆசிரியர்களே, உங்கள் குறிப்பும் ஒரு சான்று. ‘அடங்காதவன்’னு எழுதாதீங்க. எந்தப் பாடத்தில், எத்தனை நிமிடம் உட்கார்ந்தான், எப்போது எழுந்தான்? அதை எழுதுங்க.