பெயர்ப்பட்டியலில் இல்லாத ஆள்

இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி கூட்டிவந்த ஆட்களின் கணக்கில் அதற்குப் பெயர் இல்லை; கடனும் இல்லை. பெரியம்மை வைரசைத்தான் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களின் உடம்புக்குள் அதுவும் நடந்தது. வழி முடிந்த மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அம்மை வந்தால் அவளே வந்ததாகக் கொண்ட சனம்.

வைரசின் மூட்டை சிறியது. செங்கல் வடிவக் கூட்டுக்குள் ஏறக்குறைய 1,86,000 மூலச் சோடிகள் கொண்ட ஒரே டிஎன்ஏ. இரட்டை இழைதான், ஆனால் இரு நுனியிலும் இழைகள் வளைந்து ஒன்றோடொன்று இணைந்து மூடிக்கிடக்கும். டிஎன்ஏ வைரசுகளில் பல, நம் கலத்தின் கருவுக்குள் புகுந்து அங்குள்ள நொதியங்களைக் கடன் வாங்கும். இது அந்த வாசலையே மிதிக்காது. ஆர்என்ஏ எழுதும் நொதியத்தைக் கையோடு கொண்டுவந்து, கருவுக்கு வெளியே குழியவுருவிலேயே பட்டறை போடும். நுனிக்கு அருகே ஓர் இழை வெட்டுப்படும், மடிப்பு விரியும், அறுந்த முனையிலிருந்து புது இழை வளரும். பிரதிகள் ஒன்றோடொன்று ஒட்டி நீளும். பிறகு ஒரு நொதியம் அளவாக நறுக்க, துண்டுகள் மறுபடி நுனியை மூடிக்கொள்ளும்.

இப்படிப் பெருகி நோயாக வெளிப்பட, பெரும்பாலும் 10 முதல் 14 நாள். அதுவரை காய்ச்சலில்லை, கொப்புளமில்லை.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. கப்பலேறும் முன் மண்டபம் முகாமில் இலங்கை அரசு ஆட்களை ஏறக்குறைய ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தது. வாந்திபேதியைப் பிடிக்க அது போதும். அம்மைக்கு? முகாமுக்கு வருவதற்கு முதல்நாள் தொற்றியவர் சுகதேகியாகவே வெளியேறி, ஹட்டனில் ரயில் இறங்கி, லயத்துக் காம்பராவில் பலரோடு படுத்த பிறகுதான் காய்ச்சல் காண்பார். காவலை விட வைரசின் பொறுமை பெரிது.

ஆகவே உண்மையான காவல் மதில் அல்ல, கையில் குத்திய அம்மைப்பால். அதிலிருந்ததும் ஒரு வைரசுதான்: வாக்சினியா. பெரியம்மையின் நெருங்கிய உறவு; அதே மூடிய நுனிகள், அதே குழியவுருப் பட்டறை. இந்தக் குடும்பத்தின் தடுப்புப்பால் இலங்கைக்கு வந்தது 1802இல், பம்பாய் வழியாக. தொற்றி மூன்று நாளுக்குள் குத்தினாலும் உடம்பு பெரும்பாலும் நோயை முந்திக்கொள்ளும். பங்காளியைக் கொண்டே பங்காளியை மடக்கினார்கள்.

1980இல் பெரியம்மை உலகிலேயே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 1967இல் இந்தியாவில் எடுத்த ஒரு பெரியம்மை வைரசின் டிஎன்ஏ வரிசையை 1990களின் தொடக்கத்தில் ரஷ்ய விஞ்ஞானிகள் வாசித்தார்கள். இப்போது அனுமதியோடு பெரியம்மை வைரசு இருப்பது இரண்டு இடங்களில்: அட்லாண்டா, சைபீரியாவின் கோல்த்சோவோ.