ஊர் பேர் சொல்லாத எண்கள்

சென்னையிலிருந்து வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தச் சாலையில் முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டில் 'டிஎன் 19' என்று இருந்தால், அது செங்கல்பட்டு வண்டி என்று பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். ஆனால் அதே வேர்ல்டு சிட்டிக்குள் 2022 முதல் ஐபோன்கள் தயாராகி வெளியே போகின்றன. அங்கே தயாரான ஐபோன் 14 ஒன்றின் சீரியல் நம்பரை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் செங்கல்பட்டு அதில் தெரியாது. ஊர் மட்டுமல்ல, வருஷமும் தெரியாது, வாரமும் தெரியாது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம் இதுதான்: ஆப்பிள் கணினிகளின் எண்கள் ஒரு காலத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன. ஐபோனும் கைக்குள் அடங்கிய கணினிதான், அதற்கும் அதே எண் முறைதான். பேசிக்கொண்டிருந்த எண் எப்படி ஊமையானது? அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

பேசிய எண்கள்

1984-இல் வந்த முதல் மேக்கிண்டாஷ் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஆலையில் தயாரானது. அதன் சீரியல் நம்பரின் முதல் எழுத்து 'எஃப்', அதாவது ஃப்ரீமாண்ட். அடுத்த இலக்கம் 4 என்றால் 1984. அதற்கடுத்த இரண்டு இலக்கங்கள் அந்த வருஷத்தின் எத்தனையாவது வாரம் என்பதைச் சொல்லும். பிறகு அந்த வாரத்தில் அது எத்தனையாவது பெட்டி என்ற எண், கடைசியில் மாடல். ரயில் டிக்கெட்டைப் படிப்பது போல இடமிருந்து வலமாகப் படித்துவிடலாம்.

பின்னால் ஆலைகள் பெருகியபோது ஊர்க் குறி இரண்டு எழுத்தானது. 'சிகே' என்றால் அயர்லாந்தின் கார்க், 'எஸ்ஜி' என்றால் சிங்கப்பூர், 'டபிள்யூ8' என்றால் ஷாங்காய். மொத்தம் 11 எழுத்துகள்: ஊருக்கு இரண்டு, வருஷத்துக்கு ஒன்று, வாரத்துக்கு இரண்டு, பெட்டியின் வரிசைக்கு மூன்று, மாடலுக்கு மூன்று. இந்த முறை 2010 வரை ஓடியது.

இதில் இரண்டு இடைஞ்சல்கள் இருந்தன. வருஷத்துக்கு ஒரே இலக்கம் என்பதால் பத்து வருஷத்துக்கு ஒரு முறை அதே எண் திரும்பி வரும். 4 என்றால் 1994-ஆ, 2004-ஆ என்று பெட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, வரிசைக்கு இருப்பது மூன்றே இடம். பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பும் 'ஓ', 'ஐ' என்ற இரண்டு எழுத்துகளையும் நீக்கினால் மீதம் 34 குறிகள். 34 × 34 × 34 = 39,304. ஓர் ஆலை ஒரு வாரத்தில் இதற்கு மேல் தயாரித்தால் எண் தீர்ந்துவிடும். மேக்கிண்டாஷ் விற்ற காலத்துக்கு இது தாராளம். ஐபோன் விற்கும் காலத்துக்கு எப்படிப் போதும்?

2010-இல் எண் 12 எழுத்தானது. ஆலைக்கு மூன்று, அரை வருஷத்துக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று, வரிசைக்கு மூன்று, மாடலுக்கு நான்கு. நான்காவது எழுத்தில்தான் சூட்சுமம். 2010-இன் முதல் பாதி 'சி', இரண்டாம் பாதி 'டி', 2011-இன் முதல் பாதி 'எஃப்' என்று போகும். உயிரெழுத்துகளையும் 'பி'யையும் விட்டுவிட்டால் மீதம் 20 எழுத்துகள், அதாவது சரியாகப் பத்து வருஷம். 2019-இன் இரண்டாம் பாதிக்கு 'இசட்' வந்தது. 2020-இல் மறுபடியும் 'சி'!

அகராதி தீர்ந்துவிட்டது. அடுத்த வருஷமே, 2021-இல், ஆப்பிள் முறையையே மாற்றியது. இனிமேல் எண் என்பது எந்த ஒழுங்கும் இல்லாமல் கலைத்துப் போட்ட எழுத்துகளும் இலக்கங்களும். நீளம் 8 முதல் 14 வரை இருக்கலாம், தொடக்கத்தில் 10. ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்கள் பழைய வடிவத்திலேயே தொடர்ந்தன. புதியவை எல்லாம் ஊமை.

ஏன் வாயைக் கட்ட வேண்டும்?

எழுத்து தீர்ந்தது ஒரு காரணம். ஆனால் அதற்கு மட்டும் என்றால் இன்னும் இரண்டு எழுத்து சேர்த்திருக்கலாமே! பேசுகிற எண்ணில் வேறொரு ஆபத்தும் உண்டு. அது எதிராளியிடமும் பேசும்.

இரண்டாம் உலகப்போரில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஜெர்மனி மாதத்துக்கு எத்தனை டாங்கிகள் செய்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1942 ஆகஸ்டில் 1,550 டாங்கிகள் என்று உளவாளிகளின் தகவல் சொன்னது. புள்ளியியல் நிபுணர்களோ கைப்பற்றிய டாங்கிகளின் பாகங்களில் இருந்த வரிசை எண்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு 327 என்றார்கள். போர் முடிந்து ஜெர்மனியின் பதிவேடுகளைப் பார்த்தபோது உண்மையான எண்ணிக்கை 342. உயிரைப் பணயம் வைத்த உளவாளிகளை மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் ஜெயித்துவிட்டார்கள்!

வியாபாரத்திலும் இதே கதைதான். வரிசையாக ஓடும் எண் வெளியே இருந்தால், போட்டியாளர் சில நூறு எண்களைச் சேகரித்து உற்பத்தி எவ்வளவு என்று மதிப்பிட முடியும். போலி செய்பவருக்கும் வசதி. எண்ணின் இலக்கணம் தெரிந்தால் இல்லாத ஒரு கருவிக்கு நம்பும்படியான எண்ணை உருவாக்கி வாரன்டி கேட்கலாம். கலைத்துப் போட்ட எண்ணில் இந்த இரண்டும் கஷ்டம்.

அஜர்பைஜான் எஸ்எம்எஸ்

இந்தக் கதை செங்கல்பட்டுப் பக்கம் இதற்கு முன்பே ஒரு முறை நடந்திருக்கிறது. அது ஐஎம்இஐ கதை.

போனில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்தான் ஐஎம்இஐ. தொடக்கத்தில் அதன் முதல் ஆறு இலக்கங்கள் மாடலைக் குறித்தன. ஏழாவதும் எட்டாவதும் போன் எந்த ஆலையில் ஒன்றுசேர்க்கப்பட்டது என்பதற்கான குறி. அடுத்த ஆறு வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்பதற்கு. மாடல்கள் பெருகப் பெருக ஆறு இலக்கம் போதவில்லை. 2003 ஜனவரியிலிருந்து ஆலைக் குறியை எல்லோரும் 00 என்று போட்டார்கள். 2004 ஏப்ரலில் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டு, மாடல் குறியையே எட்டு இலக்கம் ஆக்கினார்கள்.

இது எவ்வளவு தேவையாக இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு. ஆறு இலக்க வரிசை என்றால் ஒரு மாடல் குறிக்குப் பத்து லட்சம் போன்கள்தான். நோக்கியா 1100 உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. அந்த ஒரு போனுக்கே 250 குறிகளாவது வேண்டும்!

ஆனால் ஆலைக் குறி ஒழிந்த செய்தி ஜனங்களுக்கு வந்து சேரவில்லை. 2000-களில் ஒரு எஸ்எம்எஸ் ஊர் ஊராகச் சுற்றியது, நினைவிருக்கிறதா? 'உங்கள் போனின் ஏழாவது, எட்டாவது இலக்கத்தைப் பாருங்கள். 00 என்றால் ஒரிஜினல் ஆலை, மிக நல்லது. 01 அல்லது 10 என்றால் பின்லாந்து, நல்லது. 02 அல்லது 20 என்றால் எமிரேட்ஸ், மோசம். 13 என்றால் அஜர்பைஜான், உடம்புக்கே ஆபத்து' என்று. பழைய பழக்கத்தின் நிழல் மட்டும் மிச்சமிருந்தது. அது சுற்றிய காலத்தில் வந்த புதிய போன்களில் அந்த இரண்டு இலக்கங்களுக்கும் ஆலைக்கும் சம்பந்தமே கிடையாது. இருந்தும் அதை நம்பி நல்ல போனைச் சந்தேகப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது வருஷங்களைப் பாருங்கள். ஆலைக் குறி ஒழிந்தது 2004. நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது 2006. அன்றைக்கு செங்கல்பட்டும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டம், 2019-இல்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்க் கோடிக்கணக்கில் போன்கள் செய்தார்கள். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. அவர்கள் கையால் செய்த போன்களின் ஐஎம்இஐ-யில் அவர்கள் ஊருக்கென்று இரண்டு இலக்கம் இருந்ததே இல்லை. இரண்டு வருஷம் பிந்திவிட்டது!

இன்றும் ஐஎம்இஐ 91 என்று தொடங்கினால் 'இந்தியாவில் செய்தது' என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த முதல் இரண்டு இலக்கங்கள் எண்ணை ஒதுக்கிய அமைப்பைத்தான் குறிக்கும். 91 இந்திய அமைப்புக்கு, 35 பிரிட்டனில் உள்ள அமைப்புக்கு, 86 சீனாவுக்கு. 35 என்று தொடங்கும் போனும் ஸ்ரீபெரும்புதூரில் செய்ததாக இருக்கலாம்.

இரண்டாவது முறையும்

ஐபோன் விஷயத்திலும் அதே வரிசைதான். ஃபாக்ஸ்கான் 2019-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் எக்ஸ்ஆர் செய்யத் தொடங்கியது. அவற்றின் 12 எழுத்து எண்ணில் ஆலைக் குறி இருந்தது. ஆனால் 2021-இல் முறை மாறியது. பெகாட்ரான் தன் ஆலையை மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2022 செப்டம்பரில் திறந்தது. 2025-இல் அதன் பெரும்பான்மைப் பங்கை டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கியது. ஃப்ரீமாண்டுக்கும் கார்க்குக்கும் சிங்கப்பூருக்கும் ஷாங்காய்க்கும் எழுத்து கிடைத்தது. செங்கல்பட்டின் முறை வந்தபோது எழுத்து கொடுக்கும் வழக்கமே நின்றுவிட்டது.

இதில் சதி எதுவும் இல்லை. உற்பத்தி பெருகியதால்தான் எண் முறை மாறியது. அதே உற்பத்திப் பெருக்கம்தான் ஆலைகளைப் புதிய ஊர்களுக்கும் கொண்டுவந்தது. காரணம் ஒன்று, விளைவு இரண்டு. ஒன்று வரும்போது மற்றொன்று போனது.

கணக்குப் புத்தகம் யாரிடம்?

வேடந்தாங்கலில் ஒரு பறவையின் காலில் வளையம் இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கும்? ஒரு எண்ணும், தகவல் சொல்ல வேண்டிய இடமும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927 முதல் இப்படிப் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறது. எந்த ஊரில், எந்த நாளில் மாட்டினார்கள் என்பது வளையத்தில் இருக்காது, பதிவேட்டில் இருக்கும். வளைய எண் வெறும் சாவி. பூட்டு பதிவேட்டில்.

புதிய சீரியல் நம்பரும் அப்படித்தான். டெல் கணினிகளில் இது முன்பே வந்துவிட்டது. அவற்றின் ஏழு எழுத்து சர்வீஸ் டேகைப் பார்த்து வருஷம் வாரம் சொல்ல முடியாது, டெல்லின் இணையதளத்தில் இட்டுத்தான் பார்க்க வேண்டும். கூடவே இருக்கும் நீளமான எக்ஸ்பிரஸ் சர்வீஸ் கோடும் அதே டேகை வெறும் இலக்கங்களாக மாற்றி எழுதியதுதான், போன் பொத்தான்களில் அழுத்த வசதியாக. 2007-இல் தொடங்கிய டெல்லின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் செய்த கணினிகளுக்கும் இதே முறைதான்.

வித்தியாசம் ஒன்று உண்டு. பறவை வளையத்தின் எண்ணை எழுதி அனுப்பினால் அந்தப் பறவையின் கதையைத் தெரிந்துகொள்ளலாம். பதிவேடு பதில் சொல்வதற்காகவே இருக்கிறது. கம்பெனியின் பதிவேடு அது சொல்ல விரும்புவதை மட்டும் சொல்லும். ஆப்பிளின் தளத்தில் எண்ணை இட்டால் மாடலும் வாரன்டி நிலையும் வரும். எந்த ஆலை, எந்த வாரம் என்பது வராது.

நஷ்டம் பழைய கருவி வாங்குபவருக்கு. ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ ஒரு பழைய மேக்புக்கைக் கையில் எடுத்தால், 2012-இல் செய்ததா 2015-இல் செய்ததா என்று நான்காவது எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். 'ஹெச்' என்றால் 2012-இன் முதல் பாதி, 'பி' என்றால் 2015-இன் முதல் பாதி. விற்பவர் என்ன சொன்னாலும் எண் பொய் சொல்லாது. இணையம் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். இப்போது அந்தக் கருவி வாங்குபவர் கையிலிருந்து போய்விட்டது.

மீதம் இருப்பவை மூன்று. ஒன்று, பெட்டி. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி விலையோடு மாதமும் ஆண்டும் அதில் அச்சாகியிருக்க வேண்டும். அதனால் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், பழையது வாங்கும்போது பெட்டியைக் கேளுங்கள். இரண்டு, பில். மூன்று, ஐஎம்இஐ. 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். அது திருட்டுப் போன் என்று தடை செய்யப்பட்டிருந்தால் தெரிந்துவிடும்.

ஊர்? பெட்டியில் 'இந்தியாவில் ஒன்றுசேர்க்கப்பட்டது' என்று இருக்கும். அந்த வரி நாட்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தெரிய வேண்டும் என்றால், செங்கல்பட்டு பக்கம் விடியற்காலையில் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.