சித்தூர் – திருப்பதி வட்டார மிஷனரிக் குடும்பங்களும் கட்டடப் பணியும்

கிறித்தவ மிஷன்களைப் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் அச்சு, அகராதி, பள்ளி, சமயமாற்றம் ஆகியவற்றையே மையமாகக் கொண்டவை. மிஷனரி ஒருவர் என்ன எழுதினார், என்ன போதித்தார் என்பது பேசப்பட்ட அளவிற்கு, அவருடைய குடும்பம் எவ்வகை வீட்டில் வாழ்ந்தது, அவ்வீட்டை யார் கட்டினர் என்பது பேசப்படவில்லை. உள்நாட்டில் நிலைகொண்ட மிஷன் குடும்பத்திற்குக் கட்டடப் பணி ஓய்வுநேர வேலையன்று. அன்றாட வாழ்வின் பெரும்பகுதியே அதுவாகும். சித்தூர், திருப்பதி, மதனப்பள்ளி வட்டாரத்தை எடுத்துக்கொண்டு நோக்கினால் இது தெளிவாகும்.

இவ்வட்டாரம் தமிழுக்கும் தெலுங்கிற்கும் பொதுவானது. 1911ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராகச் சித்தூரே விளங்கியது. அவ்வாண்டில் வட ஆர்க்காட்டின் சில வட்டங்களையும் கடப்பை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களையும் இணைத்துச் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. எனவே மிஷன் வரலாற்றில் வேலூரையும் சித்தூரையும் இரு மாநிலங்களுக்கு உரியனவாகப் பிரித்துப் பார்ப்பது பிற்காலப் பார்வையேயாகும்.

அமெரிக்க மருத்துவ மிஷனரியான ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் அவருடைய குடும்பம் வாழ்ந்தது. மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1822இல் அங்கே பிறந்தார். இவரும் உடன்பிறந்தோரும் சேர்ந்து 1853இல் ஆர்க்காடு மிஷனை நிறுவினர். ஜான் ஸ்கடரின் ஏழு ஆண்மக்களும் தென்னிந்தியாவில் மிஷனரிகளாயினர். ஆங்கிலப் பள்ளிகளை நடத்துவதில்லை, நாட்டுமொழியில் ஊர்தோறும் சென்று போதிப்பதே வழி என்பது இம்மிஷனின் தொடக்கக் கொள்கை. இக்கொள்கையின் மறுபக்கம் கவனிக்கத்தக்கது. ஊர்தோறும் செல்பவர் கணவர், கூடாரம் அவருக்குரியது. வீடும் வளாகமும் மனைவியின் பொறுப்பில் விடப்பட்டன.

இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையிலான இரயில் பாதை 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை இதுவே. ஆயினும் அங்கிருந்து சித்தூருக்கும், மலையேறிப் பலமனேருக்கும் எப்பொருளும் மாட்டுவண்டியில்தான் செல்ல வேண்டும். ஆகவே செங்கல்லும் சுண்ணாம்பும் அந்தந்த ஊரிலேயே சுடப்பட்டன.

அக்காலத்துப் பங்களாக்களின் மேல்தளம் பெரும்பாலும் ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் முறையில் அமைந்தது. தேக்கு உத்திரங்களின் மேல் கட்டைகளை அடுக்கி, அவற்றின் மீது சிறு செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பர். அதன்மேல் உடைசெங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பிப் பல நாள் தட்டுவர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் காரைக்கு உறுதி தரும். வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் தளத்தைத் தட்டும் வேலை பெண்களுடையது. இத்தொழில்நுட்பம் முழுவதும் உள்ளூர்க் கொத்தனார்களின் அறிவு. அமெரிக்காவிலிருந்து வந்த இறையியல் பட்டதாரிக்கு இதில் கற்பிக்க ஒன்றுமில்லை, கற்றுக்கொள்ளவே இருந்தது. மேஸ்திரி, ஜன்னல், சாவி, அலமாரி என்னும் போர்த்துகீசியச் சொற்கள் அமெரிக்கர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழில் நிலைபெற்றுவிட்டன என்பதையும் இங்கு நினைவுகூரலாம். வேலையிடத்தில் ஐரோப்பியரும் தமிழரும் பேசிக்கொள்வதற்கான சொற்கள் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தன.

மிஷனுக்கும் கட்டடத் தொழிலுக்கும் உள்ள உறவை வெளிப்படையாகவே கொள்கையாக்கியவர்கள் ஜெர்மானியர். ஹெர்மான்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் 1849இல் மிஷனரிப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய லுட்விக் ஹார்ம்ஸ், உழவர்களையும் கைவினைஞர்களையுமே தேர்ந்தெடுத்தார். 1853இல் ‘கண்டாக்கே’ என்னும் சொந்தக் கப்பலில் ஆப்பிரிக்காவுக்குச் சென்ற முதற்குழுவில் மிஷனரிகளோடு குடியேறிகளான தொழிலாளர்களும் இருந்தனர். நேட்டாலில் தங்கள் ஊரைத் தாங்களே கட்டிக்கொண்டனர். 1860களின் நடுப்பகுதியில் அகஸ்டு மிலியஸின் தலைமையில் இம்மிஷன் தெலுங்கு நாட்டிற்கு வந்து, சூலூர்ப்பேட்டை, நாயுடுபேட்டை முதலிய இடங்களில் தொடங்கிக் காளத்தி, திருப்பதி வரை பரவியது. ஆனால் நேட்டால் முறை இங்கே பொருந்தவில்லை. வெற்று நிலத்தில் ஊர் அமைக்க இது குடியேற்ற நாடன்று. ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்குரிய சமூகம் இருந்தது. கொல்லரும் தச்சரும் கொத்தனாரும் பல நூற்றாண்டுகளாகக் கோயில் கட்டிய மண் இது. 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயிலின் நிருவாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் இருந்தது. அத்தகைய திருப்பதியில் வந்து தங்கிய ஜெர்மானியக் கைவினைஞர் குடும்பம், தன் கைத்திறனுக்கு இங்கே தேவை மிகக் குறைவு என்பதை உணர்ந்திருத்தல் வேண்டும்.

அக்குடும்பங்களின் முடிவு இரங்கத்தக்கது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பகைநாட்டினராயினர். ஆடவர் பலர் அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டனர். 1915–16இல் ‘கோல்கொண்டா’ என்னும் கப்பலில் மிஷனரிக் குடும்பங்கள் பல தாயகத்திற்கு அனுப்பப்பட்டன. மிஷன் வளாகங்கள் அமெரிக்காவின் ஒகையோ லூத்தரன் சபையின் பொறுப்பிற்கு வந்தன. கட்டியவர் போயினர்; கட்டியவை நின்றன.

மதனப்பள்ளியின் கதை வேறு. ஜேக்கப் சேம்பர்லின் தம் மனைவி சார்லட் பர்ஜுடன் 1860இல் சென்னை வந்து, தெலுங்கு கற்று, பலமனேரில் பணி தொடங்கி, 1863இல் மதனப்பள்ளியில் நிலைகொண்டார். அங்கே மருந்தகம் ஒன்றைத் திறந்தார். தெலுங்கு விவிலியத் திருத்தக் குழுவிலும் நெடுங்காலம் பணியாற்றினார். அதே 1863ஆம் ஆண்டில்தான் அவர் நிஜாம் நாட்டின் வழியாகப் பல மாதங்கள் நீண்ட பயணம் மேற்கொண்டார். வெள்ளம், காய்ச்சல், காட்டு விலங்கு என அப்பயண நிகழ்ச்சிகள் அவருடைய நூல்களில் விரிவாக இடம்பெற்று, அமெரிக்க வாசகர்களிடையே புகழ்பெற்றன. புதிய ஊரில், புதிய வளாகத்தில், சிறு குழந்தையுடன் இருந்த சார்லட்டின் அம்மாதங்களுக்கு அத்தகைய புகழ் கிட்டவில்லை. அக்கால மிஷன் பட்டியல்களில் மனைவியர் கணவர் பெயருக்கு முன் ‘திருமதி’ சேர்த்தே குறிக்கப்பட்டனர்; தனி ஊதியமும் இல்லை. கூலி கணக்கிடுவது, கரையான் அரித்த உத்திரத்தை மாற்றச் சொல்வது, விடியற்காலையில் வராந்தாவில் கூடும் நோயாளிகளை வரிசைப்படுத்துவது ஆகியன இத்தகைய இல்லங்களில் மனைவியர் கையில் இருந்தன என்று கொள்வதே பொருத்தம். கொத்தனார், சித்தாள் ஆகியோரின் நிலையோ இதனினும் கீழ், பெயரே இல்லை.

வீட்டைக் கட்டிய குடும்பம் அவ்வீட்டில் ஒன்றாக வாழ்ந்ததுமில்லை. பிள்ளைகள் கல்விக்காக அமெரிக்காவில் விடப்படுவது வழக்கம். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் தம் இளமையைப் பெற்றோரைப் பிரிந்து கழித்தவர். 1900இல் மருத்துவராகத் திரும்பிய அவருக்கும் முதற்பெரும் பணி கட்டடமே. நியூயார்க் வங்கியாளர் ஒருவர் மனைவியின் நினைவாக அளித்த பத்தாயிரம் டாலரைக் கொண்டு 1902இல் வேலூரில் ஷெல் மருத்துவமனை எழுந்தது. மதனப்பள்ளியில் மேரி லாட் லைல்ஸ் மருத்துவமனை 1911இல் திறக்கப்பட்டது.

இவ்வட்டாரத்தில் கட்டடமே மருந்தான இடம் ஒன்றுண்டு. மதனப்பள்ளிக்கு அருகில், டேனிஷ் மிஷன் மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட் மோலரின் முயற்சியாலும் பல மிஷன்களின் கூட்டாலும் 1915இல் காசநோய் இல்லம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு ஆரோக்கியவரம் என்று பெயர். தமிழர் இதனை ‘ஆரோக்கியமாகிய வரம்’ என்று படிப்பர். அன்னவரம், பீமவரம் என்பன போலத் தெலுங்கில் ‘வரம்’ ஊர்ப்பெயர் ஈறாகவும் வரும். இரு மொழியினருக்கும் இருவகையாகப் பொருள்படும் இப்பெயர் எல்லைப்புற ஊருக்கு நன்கு பொருந்துகிறது.

அக்காலத்தில் காசநோய்க்கு நேரான மருந்து இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல்தான். அதுவரை காற்று, வெயில், ஓய்வு, உணவு ஆகியவையே சிகிச்சை. ஆகவே விடுதியின் திசை, சன்னலின் அகலம், வராந்தாவின் நீளம், ஒரு கட்டடத்திற்கும் அடுத்ததற்கும் இடையிலான வெளி ஆகிய அனைத்தும் மருத்துவரின் முடிவாயின. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் அமைந்த வறண்ட மேட்டுநிலம் அக்காரணம் பற்றியே தேர்ந்தெடுக்கப்பட்டது. மருத்துவம் கற்றவர் கட்டடக்கலையையும் கற்க வேண்டியிருந்தது. இவருடைய மகன் ஜோகன்னஸ் ஃபிரிமோட் மோலரும் மருத்துவராகி இங்கேயே பணிபுரிந்தார்.

தந்தை நோயாளிக்கு வீடு கட்டினார்; மகன் நோயாளியின் வீட்டைத் தேடிச் சென்றார். இந்தியாவில் பிசிஜி தடுப்பூசி 1948இல் மதனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் நோயின் பரவலை வீடுதோறும் அறியும் ஆய்வும் ஜோகன்னஸின் தலைமையில் நடைபெற்றது. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்தியல் மையம், ஒரு பகுதி நோயாளிகளைக் காசநோய் இல்லத்திலும் மறுபகுதியினரைச் சென்னையின் நெரிசலான எளிய வீடுகளிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தை அளித்து ஒப்பிட்டது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என்பதை 1959இல் வெளியிட்டது. உடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கும் நோய்த்தொற்று அதனால் மிகுதியாகவில்லை. திறந்த வராந்தாக்களுக்கும் விரிந்த வெளிகளுக்கும் மருத்துவக் காரணம் இல்லாமற் போயிற்று. ஆரோக்கியவரம் பின்னர்ப் பிற நோய்களுக்கும் சிகிச்சையளிக்கும் பொது மருத்துவ மையமாக மாறியது.